கோணல்

வாரத்தில் ஆறு நாள் நான் எதையும் திருப்புவதில்லை.
எட்டாம் எண் டிராம். போ, நில், மணியடி.
வளைவுகளையெல்லாம் இரும்பு தீர்மானித்துவிட்டது,
ஓஸ்ட்ராவாவுக்கு நான் வந்து சேருமுன்பே.

ஞாயிற்றுக்கிழமை, நிலக்கரிக் கசடு மலையடியில்,
களிமண் கொட்டி மேடுபள்ளம் செய்த தடத்தில்
ஒன்றரைக் கிலோ பக்கி
என் வலது கட்டைவிரலுக்குக் காத்திருக்கிறது.

இன்று அதற்கு வால் நிற்கவில்லை.
மூன்றாம் திருப்பத்தில் வேகத்தை விட்டதும்
பின்பக்கம் முன்னால் வந்து எட்டிப் பார்க்கிறது.
ஆனைக்கும் அடி சறுக்கும், சரி;
சுற்றுக்கு ஒரு தடவையா?

பின் ஷாக்குகளைக் கழற்றினேன்.
முப்பத்தைந்தாம் எண் எண்ணெயைக் கொட்டி முப்பது ஊற்றினேன்.
குமிழிகள் ஒவ்வொன்றாய் மேலேறி உடையும்வரை
யாராலும் அவசரப்படுத்த முடியாது.
அதற்குள் பக்கத்து மேசை ப்ரோகோப்
இரண்டு சாசேஜ் தின்று முடித்தான்.
"ஸ்பிரிங்கைப் பார்" என்றான், வாய் நிறைய.

பார்த்தேன். வெள்ளையை எடுத்துவிட்டு மெல்லிய மஞ்சள்.
நோட்டில் எழுதினேன். ஓட்டினேன். சறுக்கியது. எழுதினேன்.
பின் சக்கரங்களின் மூக்கை அரை டிகிரி உள்ளே திருப்பினேன்,
கோபித்துக்கொண்ட இருவரை
ஒரே சோபாவில் உட்கார வைப்பதுபோல்.
வால் அடங்கியது. இப்போது முன்பக்கம் பேச்சுக் கேட்கவில்லை.
வலது வளைவில் வெட்டுகிறது, இடது வளைவில் மிதக்கிறது,
பாழாய்ப்போன பக்கி.
'ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்'
என்று நோட்டின் முதல் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன்,
இரண்டு அடிக்கோடு போட்டு.
பதினோரு மணிக்கு மூன்றை ஒன்றாக மாற்றினேன்.

தடமும் சும்மா இருக்கவில்லை.
காலையில் தண்ணீர் தெளித்து சாக்லேட் போலிருந்த மண்
மதியத்தில் வெளுத்துத் தூள் பறந்தது;
எல்லோரும் ஓட்டிய கோடு மட்டும் கறுத்து மினுங்கியது.
நான் சரிசெய்து வைத்தது ஒன்பதரை மணி மண்ணுக்கு.
அந்த மண் இப்போது எங்கும் இல்லை.

மேடையில் நிற்கிறோம், பத்துப் பேர், தோளோடு தோள்.
தூரப் போகும்போது அதன் இடது எனக்கும் இடது.
திரும்பி என்னை நோக்கி வரும்போது
அதன் இடது என் வலது.
பதினெட்டு வருஷம் பழகியும்
அந்த இடத்தில் விரலுக்குள் ஒரு சின்ன பயம்.
ஹெட்விகா, பதினாறு வயசு, தடத்திலிருந்து கண்ணெடுக்காமல்:
"வண்டிக்கு ஒண்ணுமில்ல. நீங்கதான் பயந்து பிரேக் போடுறீங்க."
ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.
புரிகிறது. நன்றி.

கடைசிப் போட்டிக்கு இருபது நிமிடம்.
பழைய பல் பிரஷால் புழுதி தட்டும்போது
பின் இடது கை மேலே போனது,
இறங்கி வரவில்லை.
ஷாக்கைக் கழற்றினால் தானாக விழ வேண்டிய கை.
ஊசியை உருவிக் கண்ணாடிப் பலகையில் உருட்டினேன்.
டக். டக். டக்.
கூடம் கோணல்தான்!
முடியளவு கோணல்.
போன மாதம் தடத்தோரக் குழாயில் மோதினேனே, அன்றைக்கு.

எண்ணெய், ஸ்பிரிங், அரை டிகிரி, அந்த ஒரு மில்லிமீட்டர்:
ஒரு கோணலோடு ஒத்துப்போக நான் செய்த ஒன்பது கோணல்கள்.
நேரான ஊசி டப்பாவில் மூன்று கிடக்கின்றன.
போட்டால் இந்த ஒன்பதும் பொய்.
போடாவிட்டால்

ப்ரோகோப் கடுகு ஒட்டிய விரலால் ஒன்றை எடுத்து நீட்டினான்.

காலைப் பக்கத்துக்கு நோட்டைத் திருப்பி
ஒவ்வொன்றாய்ப் பின்னோக்கிப் போனேன்.
எண்ணெய்க்கு நேரமில்லை; குமிழிகள் காத்திருக்காது,
காத்திருக்க வைக்கும்.

ஐந்தாவதாக வந்தேன். ஹெட்விகா இரண்டாவது.
மூன்றாம் திருப்பத்தில் வால் ஒரு தடவைதான் வெளியே வந்தது,
எட்டாம் சுற்றில்,
நானாக விட்டது.

திங்கள் காலை ஐந்து பதினேழு. மழை.
மருத்துவமனை நிறுத்தம் தாண்டிய வளைவில்
என் வலது கட்டைவிரல் தன்னால் அசைகிறது.
தண்டவாளம் கண்டுகொள்ளவில்லை.