சாய்சதுரம்

அம்பத்தூர் எஸ்டேட்டில்
வால்வு செய்யும் கம்பெனி.
திரும்பி வரும் சரக்கு எந்த வழியாகப் போய்
எங்கே பதினொரு நாள் தங்குகிறது
என்று வரைந்து தரச் சொன்னார்கள்.
மூன்று வாரம், ஒரு சுவர்,
மஞ்சள் ஒட்டுத்தாள் நாலு கட்டு.

செவ்வகம் என்றால் வேலை.
மெல்லிய வட்டம் தொடக்கம், தடித்தது முடிவு.
சாய்சதுரம் என்றால் கேள்வி,
அதற்கு இரண்டே வாசல்: ஆம், இல்லை.
எட்டாம் வகுப்பில் அதன் பரப்பளவை
ஒரு தடவைகூட நான் சரியாகப் போட்டதில்லை.

ஸ்டோர்ஸில் எத்திராஜுலு.
வால்வு வந்ததும் என்ன செய்வீங்க?
"இறக்குவேன்."
அப்புறம்?
"பார்ப்பேன்."
எதை?
"வால்வைத்தான். வேற எதைப் பார்க்க?"
எழுதிக்கொண்டேன். பெட்டி ஒன்று, இறக்குதல்.
பெட்டி இரண்டு, பார்த்தல்.

தப்பு நம்முடையதா வாங்கியவருடையதா,
அது எப்படித் தெரியும் என்றேன்.
வாய்க்குள் கட்டைவிரலை விட்டு ஒரு சுற்றுத் தடவி
காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார்.
"போர் தண்ணி. மணலு அரிச்சிருக்கு.
நம்ம தப்பு இல்ல.
ஆனா புதுசா கடை போட்டிருக்கான், பாவம்."
அப்போ மாத்திக் கொடுப்பீங்களா?
"பார்க்கலாம்."
ஆமாவா, இல்லையா?
"அதான் சொன்னேனே."

பேனா சாய்சதுரத்தின் மேல் நின்றது.
இரண்டு அம்புகளும்
போகும் இடம் தெரியாமல் காத்திருந்தன.

அக்கவுண்ட்ஸில் மெஹருன்னிசா சிரித்தாள்.
"அவர் பார்க்கலாம்ல ரெண்டு இருக்கு மேடம்.
இழுத்துச் சொன்னா கிடையாது.
வெட்டிச் சொன்னா வெள்ளிக்கிழமை
புது வால்வு வண்டி ஏறும்.
நான் வியாழனே பில் போட்டு வெச்சிடுவேன்."

ஒலியின் நீளத்தைக் குறிக்க
மென்பொருளில் வடிவம் தேடினேன்.
கடிதத்துக்கு உண்டு, கடிகாரத்துக்கு உண்டு,
மின்னலுக்குக்கூட உண்டு.

ஐப்பசி பிறந்தது.
ஒரே ராத்திரி ஈரத்தில் பசை விட்டு
பாதிச் சுவர் தரையில் கிடக்க,
காலையில் பெருக்க வந்த கன்னியம்மா
தாள்களைப் பொறுக்கி, தூசி தட்டி,
அழகாக இருக்கும்படி ஒட்டிவைத்துப் போயிருந்தாள்.
முடிவுக்கு அப்புறம் மூன்று வேலை.
கேள்வி கேட்பதற்கு முன்பே பதில்.
இரண்டு நாள் எவரும் கவனிக்கவில்லை.
அந்த இரண்டு நாளில்
மூத்த மேலாளர்கள் வந்து பார்த்து
தெளிவாக இருக்கிறது என்று ஒப்புதல் தந்தார்கள்.

இனி நடக்க வேண்டியதை வரைந்தேன்.
வாடிக்கையாளரே படம் எடுப்பார்.
படம் வந்ததும் எண் விழும், எண் விழுந்ததும் விதி பார்க்கும்.
பதினொன்று மூன்றானது.
உண்மையாகவே நல்ல படம். பெருமைப்பட்டேன்,
அதை மறைக்க மாட்டேன்.

துறைக்கு ஒரு தடம்:
விற்பனை, தரம், கணக்கு, ஸ்டோர்ஸ்.
முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்கையில்
கடைசித் தடத்தில் ஒரு பெட்டிகூட இல்லை.
எந்த அம்பும் உள்ளே வரவில்லை,
கடந்துகூடப் போகவில்லை.
ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் சாலை மாதிரி
இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை வெள்ளை.

தடத்தைத் தொட்டேன். திரை கேட்டது:
நீக்கவா?
ஆம்.
இல்லை.

கொஞ்ச நேரம் மூன்றாவது பொத்தானைத் தேடினேன்,
இல்லை என்று தெரிந்தே.
பிறகு பதில் சொல்லாமல் மூடி
ஏழாம் பதிப்பு என்று பெயரிட்டு அனுப்பிவிட்டு
கொரட்டூர் தாண்டி ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது
போன் வந்தது.
"நல்லா வந்திருக்கும்மா.
கீழ ஒரு தடம் சும்மா கெடக்கே,
எடுத்துடலாமா?"

பார்க்கலாம் சார், என்றேன்.

இழுத்தேனா வெட்டினேனா
எனக்கே தெரியவில்லை.
அந்தப் பக்கமும் பேச்சில்லை,
தகர ஷெட்டின் மேல் மழை மட்டும்.