நான்கு கிராம்

தொண்ணூற்றெட்டு டிகிரியில்
மறுபடியும் அணைந்துபோனது கணினி.
இன்னும் கட்டப்படாத ஓர் அடுக்குமாடியின்
பதினாறாம் தளத்தில்
மாலை வெயில் பூசிக்கொண்டிருந்தேன்.
நீச்சல்குளத்தில் பாதித் தண்ணீர்தான் நிரம்பியிருந்தது.
அதுவரை அலறிய விசிறி
சட்டென்று வாய்மூடியது.

ஈசூனில் இரவு பதினொன்றுக்கும் புழுக்கம்.
புழுக்கத்தைத் திட்டினேன்.
மேற்கு பார்த்த சுவரை,
தூசியை,
குளிர்சாதனத்தை இருபத்தாறுக்குக் கீழே இறக்காதே
என்று ஒட்டுத்தாள் ஒட்டிய ஹெப்சிபாவை.
வாடகையில் பாதி அவளுடையது.
இரவுப்பணி முடித்துப் பகலில் தூங்குகிறவள்,
இந்த விசிறிச் சத்தத்துக்குள்ளேயே.

மறுநாள் ரோச்சோரில் இறங்கி
சிம் லிம்மின் மூன்றாம் மாடி.
கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாய் ஊசிகள்,
நோயாளிகள் இல்லாத மருந்துக்கடை மாதிரி.
சாம்பல், வெள்ளை, ஒன்று மட்டும் இளநீலம்.
ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் எண்:
எட்டரை, பன்னிரண்டரை, பதினான்கு.
இவ்வளவு வெப்பத்தைக் கடத்துவேன் என்ற சத்தியம்.
சத்தியத்துக்கும் சத்தியத்துக்கும்
ஆறு வெள்ளி வித்தியாசம்.

ஒன்று தேன்போல் இளகியது,
நாளடைவில் ஓரங்களுக்கு ஒதுங்கிவிடுமாம்.
ஒன்று உறைந்த நெய்,
சூடு காட்டாமல் பரவாது.
ஒன்று திரவ உலோகம்.
அலுமினியத்தைத் தின்றுவிடும்,
ஒரு துளி சிந்தினால் பலகையே போச்சு.
"உன்னுடையதன் அடிப்பாகம் செம்பா, அலுமினியமா?"
என்றார் கடைக்காரர் குவெக்.
இரண்டு வருடமாய் என் காலடியில் கொதிப்பது
எந்த உலோகம் என்று
எனக்குத் தெரியவில்லை.

அவரே ஒரு தாளில் வரைந்து காட்டினார்.
முகம் பார்க்குமளவு தேய்த்த இரண்டு உலோகங்கள்,
பூதக்கண்ணாடிக்குக் கீழே மலையும் பள்ளமும்.
சிகரங்கள் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன.
பள்ளங்களில் காற்று உட்கார்ந்திருக்கிறது,
சொன்ன சேதியைக் கொண்டுசேர்க்காத சோம்பேறி.
பசையின் வேலை அதைக் கிளப்பிவிடுவது.
உலோகத்தைவிட மேலானது என்று
எந்தப் பசையும் சொல்லிக்கொள்வதில்லை.
காற்றைவிடப் பரவாயில்லை,
அவ்வளவுதான்.
அந்தத் தகுதிக்குப் பதினெட்டு வெள்ளி.

"எதை வாங்கினாலும் மூன்று டிகிரிதான் லா.
முப்பது குறையணும்னா
தப்பு பசையில இல்ல."
கேட்காததுபோல்
நடு எண்ணை எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் நான்கு திருகுகள்,
எதிரெதிர் மூலையாய்த் தளர்த்தி
மெல்லத் திருகித் தூக்கினேன்.
காய்ந்த சேறாய்ப் பழைய பசை.
சாராயம் நனைத்த துணியால் துடைக்கத் துடைக்க
சேற்றுக்கு அடியிலிருந்து
சிவப்பு எழுத்துகள் எழுந்துவந்தன:
பொருத்துமுன் இப்படலத்தை உரிக்கவும்.

பொருத்தியது நான்.
வேறு யாரும் இந்தப் பெட்டியைத் திறந்ததில்லை.

நகத்தால் ஓரம் நெம்பினேன்.
சர்ரென்று வந்தது.
செம்பு.
நேற்று வார்த்ததுபோல்
ஒரு நாள்கூட வேலை செய்யாத செம்பு.

பிறகு அளவு. அரிசியா, பயறா, பட்டாணியா?
வெற்றிலைக்குச் சுண்ணாம்பு என்று வைத்துக்கொண்டேன்:
குறைந்தால் சிவக்காது, கூடினால் வாய் வெந்துபோகும்.
ஊசியை அழுத்தி
பயறளவில் நிறுத்தினேன்.

அறுபத்து மூன்று.
பதினாறாம் தளத்தில் வெயில் படிந்தது.
நீச்சல்குளம் விளிம்புவரை நிறைந்தது.
விசிறி சுற்றுகிறதா என்று
குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.
கீழ்த்தளத்தில் யாரோ சிறுவன்
பந்தைச் சுவரில் அடிப்பது கேட்டது.
இத்தனை நாளும் அடித்திருப்பான்.

ஆறு மணிக்கு எழ வேண்டிய ஹெப்சிபா
நாலரைக்கே கதவைத் திறந்து நின்றாள்,
கன்னத்தில் தலையணைச் சுருக்கம்.
"என்ன, சத்தத்தையே காணோம்?
கெட்டுப்போச்சா?"

"பசை மாற்றினேன்" என்றேன்.
"நல்ல பசையா?"
"நல்ல பசை."
சட்டைப்பைக்குள் படலம்
மடிந்த இடத்தில் குத்தியது.
மேசைமேல் ஊசியில் இன்னும்
மூன்று கிராமுக்குமேல் மிச்சமிருந்தது.