மூன்றாம் திரையில் பூஜ்யம்

தரமணியில் எட்டாவது மாடி.
ஆடாத மேஜை, ஆடாத நாற்காலி,
இரண்டு கையும் சும்மா இருக்கும் ஒருத்தி
கண்டக்டரின் டிக்கெட் மெஷினுக்குத் திரை வரைந்தாள்.
அந்த ஒருத்தி நான்தான்.

சாம்பலில் மெல்லிய எழுத்து.
முனை மழித்த பட்டன்கள்.
பெண்களுக்கான பூஜ்ய ரூபாய்ச் சீட்டை
மூன்றாவது திரையில் வைத்திருந்தேன்,
காசு வராத சீட்டுதானே என்று.

மே மாதச் செவ்வாய். பெசன்ட் நகரில் ஏறினேன்.
"ஒரு ட்ரிப் நீங்களே போட்டுப் பாருங்க மேடம்"
மெஷினை என் கழுத்தில் மாட்டிவிட்டு
விசிலை மட்டும் வைத்துக்கொண்டார் எபினேசர்.

அடையாறில் ஏறியவர்கள் முப்பத்தொரு பேர்.
பெண்கள் இருபத்திமூன்று.
ஒரு பூஜ்யத்துக்கு நாலு தட்டு என்றால்
இருபத்திமூன்று பூஜ்யத்துக்கு?
கணக்குப் போடக் கை இல்லை.
இடது கை கம்பியில்,
விரலிடுக்குகளில் மடித்த பத்து ரூபாய்கள்,
மிச்சம் ஒரு கட்டைவிரல்.
அதுவும் வியர்த்திருந்தது.

ஜன்னல் வெயில் சாய்ந்ததும்
என் சாம்பல் எழுத்துகள் செத்துப்போயின.

பின்சீட்டிலிருந்து இருபது ரூபாய்
கை மாறிக் கை மாறி வந்தது: "ஒரு லஸ்."
சில்லறையும் சீட்டும் அதே வழியில் திரும்பின,
ஒரு ரூபாய் குறையாமல்.
ரெண்டு விசிலுக்கு வண்டி போகிறது,
ஒன்றுக்கு நிற்கிறது.
இதையெல்லாம் யார், எந்த மாடியில் உட்கார்ந்து வரைந்தார்கள்?

மந்தைவெளியில் ஓர் ஆட்டோ குறுக்கே நுழைந்தது.
பிரேக்.
விரல் வழுக்கி விழுந்த இடத்தில்
நான் அழகுக்கு வைத்திருந்த சிவப்பு:
"பயணத்தை முடிக்கவா?"
ஆம், இல்லை, இரண்டுக்கும் ஒரே நீலம்.
எதைத் தொட்டேன் என்று இன்றுவரை தெரியாது.
மெஷின் அணைந்தது.
மறுபடி உயிர் வர ஐம்பது விநாடி.

டிபன் கேரியரை மடியில் வைத்திருந்த அக்கா
என்னைப் பார்க்காமலே கேட்டார்:
"இனாம் டிக்கெட்டுன்னா மெஷினுக்கும் இளக்காரமா?"

மெஷினுக்கு இல்லை அக்கா
என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்றிரவே பூஜ்யத்தை முதல் திரைக்கு அழைத்துவந்தேன்,
கட்டைவிரல் அகலத்துக்கு இடம் போட்டு.
சிவப்பை எட்டாத மூலைக்கு அனுப்பினேன்;
மூன்று விநாடி அழுத்தினால்தான் இனி அது பேசும்.
கறுப்பில் தடித்த எழுத்து.
கையை நனைத்துக்கொண்டு
லிஃப்டில் ஒற்றைக்காலில் நின்று தட்டிப் பார்த்தேன்.
"என்ன, யோகாவா?" என்றான் டீம் லீட் வசீகரன்.

ஆகஸ்டில் அதே பஸ்.
எபினேசர் திரையைப் பார்க்கவே இல்லை.
கண் படிக்கட்டில் தொங்கும் பையன்கள் மேல்,
வாய் அவர்களைத் திட்டியபடி,
விரல் மட்டும் தன்பாட்டுக்குச் சீட்டுக் கிழித்தது.

என்னை அடையாளம் கண்டதும்
நன்றி ஒன்றும் சொல்லவில்லை.
"பேப்பர் ரோல் மூடி இருக்கே மேடம், அத பாருங்க"
பாதி உடைந்த நகத்தை நீட்டினார்.
ஒரு கையில் கம்பி. மறு கையால்
பைக்குள் நோட்டைத் துழாவினேன்.

அதற்குள் எனக்கும் ஒரு பூஜ்யம்
லஸ் வரைக்கும்.
ஒரே தட்டு.