இருபத்தேழாம் கால்

கஞ்சிக்கோட்டில் மூடிப்போன ஆலையின் ஏலத்தில்
பழைய இரும்பு விலைக்கு வந்தது அந்த அனலைசர்.
இருபத்தாறு கிலோ.
ஷைஜுவும் நானும் ஆளுக்கொரு கைப்பிடி.
படியில் அவன் மலையாளத்தில் ஏசினான், நான் தமிழில்.
மேசைக்கு வந்ததும் இருவரும் தேடியது
ஒரே ஸ்க்ரூ டிரைவரை.

மூடியைக் கழற்றினால்
பல்லி முட்டை ஓடு இரண்டு, ஒரு பீடித் துண்டு,
பச்சைப் பலகையில் வரிசையாக நாலு ஈப்ராம்.
ஒவ்வொன்றின் முதுகிலும் சின்னக் கண்ணாடி ஜன்னல்.
வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் மறந்துபோகும் சாதி.
நாலாவதின் ஸ்டிக்கர் ஓரம் சுருண்டிருந்தது.
மேலே கறுப்பு டேப் ஒட்டினேன்,
உறங்குகிறவன் கண்மேல் துணி போடுவதுபோல.

முதலில் நகல், பிறகுதான் பவர்.
இதை நான் காசு கொடுத்துப் படித்தேன்.
போன ஆடியில் ஒரு ஆசிலாஸ்கோப்பில்
அவசரப்பட்டு பேட்டரியை முதலில் எடுத்துவிட்டேன்.
திருத்த எண்கள் அத்தனையும் ஒரு நொடியில் போயின.
சித்தூர் காலேஜ்காரரிடம்
"வரும்போதே அப்படித்தான் சார்" என்றேன்.
அவர் நம்பினார்.
அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே நிதானமாக, ஒவ்வொன்றாக,
ரீடரில் பொருத்தி மும்மூன்று முறை.
மூன்று முறையும் ஒரே செக்சம்,
நாலாவதுக்கும் அப்படியே.
ஷைஜு கை தட்டினான்.
நாளைக் காலை வண்டி அனுப்பச் சொல்லி
குரியச்சனுக்கு போன் போனது.
எனக்கும் சந்தேகம் எதுவும் இல்லை.
இல்லவே இல்லை.

ஒன்பது மணிக்கு ஸ்கூட்டியில் வேலந்தாவளம்.
கணவாய்க் காற்று துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது.
எல்லையில் நின்றால் போனுக்கே குழப்பம்:
இந்தப் பக்கம் கேரளா வரவேற்கும்,
எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போனால் தமிழ்நாடு வரவேற்கும்.
போர்டு எழுத்து வேறு, பாக்கி சில்லறைக்குத் தரும் மிட்டாய் வேறு.
பால் மட்டும் இரண்டு கடைக்கும்
ஒரே வண்டியில்.

வீட்டில் சோற்றுத் தட்டோடு லேப்டாப்பைத் திறந்தேன்,
சும்மாதான்.
நாலாவது நகலில் எண்களுக்கு வலப்புறம்
எழுத்துகள் ஓடும் பத்தி.
புள்ளி, புள்ளி, ஒரு ஆச்சரியக்குறி,
அப்புறம் தெளிவாக: ஓவன் கோல்ட்.
உள்ளேயிருக்கும் குட்டி அடுப்பு இன்னும் சூடாகவில்லையாம்.
சிரித்துக்கொண்டே உருட்டினேன்.
பாதி தாண்டியதும்
மறுபடி ஓவன் கோல்ட்.
முன்னால் அதே புள்ளிகள், அதே ஆச்சரியக்குறி.

பைட்டுக்குப் பைட்டு காசு எண்ணிய காலம் அது.
எவன் எழுதுவான் ஒரே புலம்பலை இரண்டு தரம்?

பதினாறாயிரத்து முந்நூற்று எண்பத்து நாலாவது வீட்டுக்கு
நான் அனுப்பிய ஆள்
தெருமுனையில் திரும்பி
முதல் வீட்டுக் கதவையே தட்டியிருக்கிறான்.
மூன்று முறையும்
ஒழுங்காக, ஒரே மாதிரி.
கூட்டுத்தொகை எப்படி மாறும்?
சாட்சி பிசகாமல் சொன்னான் என்பதற்காக
கேட்டதெல்லாம் உண்மையாகிவிடுமா,
நான்கூட அந்தக் காலேஜ்காரரிடம்
பிசகாமல்தான் சொன்னேன்.

காலையில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.
இருபத்தெட்டுக் காலில் இருபத்தேழாவது
கருத்துப் போயிருந்தது,
பூஜை மறந்த வெள்ளிக் குத்துவிளக்குபோல.
மேல்பாதிக்கு வழி அந்த ஒற்றைக் கால்தான்.
ஷைஜுவின் மகள் விட்டுப்போன அழிப்பானால்
பதமாகத் தேய்த்தேன்.
வாசலில் குரியச்சனின் வண்டி ஹாரன் அடித்தது.
அடிக்கட்டும்.

புதுச் செக்சம்.
இன்னொரு முறை: அதேதான்.
இந்தத் தடவை தொகையை நம்பாமல்
இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
வரிவரியாக வாசித்தேன்.
மேல்பாதியில்
இதுவரை யாரும் என்னிடம் சொல்லாத எண்கள்.

பழைய நகலை அழிக்கவில்லை.
'பொய் 4' என்று பெயரிட்டு
அதே ஃபோல்டரில் போட்டேன்.

பிறகு பவர்.
விசிறி இருமியது. பச்சைக் கோடு நடுங்கி நின்றது.
திரையின் அடியில்
ஓவன் கோல்ட்,
ஒரே ஒரு தரம்.
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம்
அது சூடாகட்டும் என்று.
காலேஜ் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது.