எல்லையில் நட்ட கம்பு

ஐப்பசி மழைக்கு முந்தின கிழமை
பத்துப் பூவரசங் கதியால் வெட்டினேன்.
மணிக்கட்டுப் பருமன், நெஞ்சளவு நீளம்.
அடிப்பக்கம் சரிவாய், நுனிப்பக்கம் தட்டையாய்,
தட்டையில் சாணி அப்பி.
அவசரத்தில் ஒன்றைத் தலைகீழாய் நட்டுவிட்டேன்.
அது மட்டும் துளிர்க்கவில்லை.

தம்பிலுவிலில் வளவு பெண்மக்களுக்கு.
என்னைப்போல் கட்டி வந்தவனுக்கு
அலவாங்கும் வேலி அடைக்கிற வேலையும்.
கிணற்றடி என் மனைவி குகனேசுக்கு,
ஒழுங்கைப் பக்கம் தங்கை வனிதமலருக்கு,
நடுவில் ஒன்பது பச்சைக் கம்பு.

எட்டு வேலியாகவே நின்றன.
ஒன்று மரமாகிவிட்டது,
யாரையும் கேட்காமல்.
சகலன் அடித்த முள்ளுக்கம்பியைப்
பட்டை மூடிக்கொண்டது.
அங்கால் உள்ளே போகிற கம்பி
இங்கால் வெளியே வருகிறது.
இடையில் அது என்ன செய்கிறதோ!

மறுகா அரைமுழத் தகராறு.
சேவையர் வந்து
மூன்றுகாலியில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார்.
கோடு மரத்தின் நடு வயிரத்தால் போகுதாம்,
தறித்தால்தான் கல் போடலாமாம்.
அக்காளும் தங்கையும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்,
நாலு வருசத்தில் முதல் தடவை.

தறிக்கிற நாள் விடியப்புறம்
சருகு நொறுங்கும் சத்தம்.
வனிதமலர் மடி நிறையக் காய் பிடுங்குகிறாள்.
மகள் நிதுர்சனாவின் கழுத்தில் படர்தாமரை,
ஆஸ்பத்திரிக் களிம்பு ரெண்டு ரியூப் முடிந்தும்
வட்டம் வட்டமாய் ஏறுது.
பச்சைக்காயின் காம்பைக் கிள்ளினால்
மஞ்சள் பால் ஒரு சொட்டு.
பிள்ளை சிணுங்குவது இங்கே கேட்டது.

குகனேசு ஒன்றும் பேசவில்லை.
பழுத்த இலை கூட்டி எரித்தாள்,
சாம்பலைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தாள்,
சிரட்டையை மரத்துக் கவட்டில் வைத்துவிட்டு
அரிசி களையப் போனாள்.
திரும்பி வர, கவட்டில்
சிரட்டை இல்லை.

அக்கரைப்பற்றிலிருந்து வாளோடு வந்தார் அகமதுலெவ்வை.
ஒழுங்கைப் பக்கமிருந்து குரல்:
“காய் முடியட்டும், பிறகு தறிப்பம்.”
கிணற்றுப் பக்கமிருந்து:
“ஓம், காய் முடியட்டும்.”
அவர் அண்ணாந்து பார்த்தார்.
ஒரே கொப்பில் மொட்டு, பூ, பிஞ்சு, முற்றல்.
“இது எந்த மாசம் முடியிற காய்?” என்றார்.
வெறுந்தேத்தண்ணி குடித்தார்.
பஸ் காசை நான்தான் கொடுத்தேன்.

கல் இன்னும் சாக்கில் கிடக்கிறது,
அதன்மேல் கோழி படுக்கிறது.

காலையில் மஞ்சளாய் விரிந்தது
பொழுதுபட இரத்தச் சிவப்பாகி விழும்.
எங்கள் பக்கம் விழுந்ததை நான் கூட்டுவேன்,
அந்தப் பக்கம் சகலன்.
முள்ளுக்கம்பியில் குத்துப்பட்டு நிற்கிற பூவை
ரெண்டு பேரும்
தொடுவதில்லை.