எட்டாவது இடம்

பைசுஅள்ளியில் காலை வகுப்பு.
அமைப்பு முந்தியதா, ஆள் முந்தியவனா
என்று பலகையில் எழுதிய பேராசிரியர்
கைத்தூசியைத் தட்டுவதற்குள்
பின்கதவு வழியே வெளியேறிவிட்டேன்.
காவேரிப்பட்டணம்வரை மடியில் ஜெராக்ஸ் கட்டு.
பேருந்து குலுங்கிய குலுங்கலில்
அடிக்கோடிட்ட வரியெல்லாம்
அடித்துவிட்ட வரியானது.

கிருஷ்ணகிரி. தொழிலாளர் அலுவலகம், இரண்டாம் மாடி.
திம்மராயன் எனக்கு முன்பே வந்திருந்தான்.
கிரானைட் அறுக்கும் பட்டறை.
வலக்கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லை.

"அவருக்கு எப்ப நடந்துச்சு?"
அதிகாரி என்னைக் கேட்கிறார்.
"அவரைப் பார்த்துக் கேளுங்க, சார்."
பார்க்கிறார். கேள்வியை மட்டும்
என் பக்கமே நகர்த்துகிறார்.

"போன மாசி. ராத்திரி ஷிப்ட்.
கல்லை நகர்த்தினேன், பிளேடு நிற்கல.
என் விரல் போச்சு."
இந்த வேலையில் நான் என்பது நானில்லை.
டைப்பிஸ்ட் அம்மா நிமிர்ந்து
என் விரல்களை எண்ணுகிறார்.

அட்டவணை இருக்கிறது,
கணுவுக்குக் கணு சதவீதம் போட்டு.
"இடக்கை முழுசா இருக்கே" என்கிறார் கம்பெனி வக்கீல்.
அதையும் என் கைதான் சொல்ல வேண்டும்,
ஒன்றும் குறைக்காமல்,
வக்கீலின் அந்த அரைச்சிரிப்பையும்
என் முகத்தில் ஏற்றிக்கொண்டு.

திம்மராயன் தன் மகளின் பெயரைச் சொல்கிறான்.
இரண்டு விரல் புருவத்தைத் தொட்டு விலகும் பெயர்.
விரல் இல்லாத இடம்
புருவம்வரை போய்த் திரும்புகிறது.
மறுபடியும்.

"என் மகள் பெயர்" என்கிறேன்.
"என்ன பெயர்?" பேனாவைத் திறக்கிறார் அதிகாரி.
ரேஷன் கார்டில் வர்ஷிகா.
அது இவன் சொன்னதில்லை.

நாக்கில் ரெண்டு துண்டு போச்சு, சார்:
நான் சொல்லக்கூடாத வாக்கியம்
வாய்வரை வந்து நிற்கிறது.
நான் தடுமாறுவதைப் பார்த்து
என்ன என்கிறான். சொன்னேன்.

யோசித்தான். தலையசைத்தான், இல்லையென்று.
"நாக்கு உங்க சமாச்சாரம்.
விரல்னே சொல்லு."

விரல் என்றே சொன்னேன்.
பத்தொன்பதாம் தேதிக்கு ஒத்திவைத்தார்கள்.
கீழே டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்,
இடக்கையால், சில்லறையை எண்ணிப் பார்த்து.

வியாழனுக்குள் தர வேண்டிய கட்டுரையில்
குரலற்றவர்கள் என்று
ஏழு இடத்தில் எழுதியிருந்தேன்.
பேருந்து காவேரிப்பட்டணத்தில் நின்றபோது
ஏழையும் அடித்தேன்.
எட்டாவது, தலைப்பிலேயே இருக்கிறது.