காணும் அனுமதி

திங்கள் விடிவதற்கு முன், மூன்று மணிக்கு,
இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் டிக்கெட்டுகளையும்
பழைய சர்வரிலிருந்து புதியதற்குக் குடிமாற்றினோம்.
ஒன்றுகூடச் சிந்தவில்லை.
எண்ணிப் பார்த்தேன், இருமுறை.
டௌமந்தாஸ் புகைமீன் பொட்டலம் ஒன்றைப் பிரித்து
கீபோர்டின் மேலேயே வைத்துக் கொண்டாடினான்.

ஏழு மணிக்கு முதல் போன்.
எக்ஸ்ரே பிரிவு: "காணவில்லை."
ஏழு நான்குக்குச் சலவைக்கூடம்: "எங்களுடையதையும்."
எட்டுக்குள் கௌனாஸ் மருத்துவமனை முழுதும்
ஒரே சொல்லை வெவ்வேறு எரிச்சலில் சொல்லிக்கொண்டிருந்தது.

காணவில்லை என்றால்
தொலைந்தது என்றும் பொருள்,
இருக்கிறது, கண்ணுக்கு எட்டவில்லை என்றும் பொருள்.
ஒரு சொல், உள்ளே இரண்டு நோய்.

எனக்கு எல்லாமே தெரிந்தது. அதுதான் சிக்கல்.
நிர்வாகியின் கண்ணுக்குக் கதவு ஏது?
மூன்றாம் மாடி லிஃப்ட்,
ரத்த வங்கிக் குளிர்பெட்டியின் அலாரம்,
பாஸ்வேர்டை மறந்த அதே பல் டாக்டர், பதினாலாம் முறை.
ஆகவே உரிமையேதும் இல்லாத ஒருவனைப் படைத்து
அவன் பெயரில் உள்ளே போனேன்.
வெள்ளைத் திரை.
ஜன்னலுக்கு வெளியே நெமுனாஸ் ஆற்றின் மேல்
யாரும் இன்னும் கால் வைக்காத பனி மாதிரி.

குழுக்களைத் திறந்தேன்.
எல்லாம் வந்திருந்தன, எழுத்துப் பிசகாமல்:
இரவுப்பணி, ஆய்வகம், சமையலறை, தற்காலிகம்-2.
உள்ளே ஆளில்லை.
பெயர்ப்பலகைகளை மட்டும் லாரியேற்றி அனுப்பியிருக்கிறோம்.

அதற்குள் இயக்குநர் அறையிலிருந்து இரண்டு போன்.
ஆபரேஷன் தியேட்டரில் பிரிண்டர் நின்றுவிட்டது,
புகார் எழுதினால் எழுதியவருக்கே அது தெரியவில்லை.
"எல்லோருக்கும் எல்லாவற்றையும் திறந்துவிடு,
பத்து நிமிஷம்தானே" என்றான் டௌமந்தாஸ்.
வேண்டாம் என்று சொன்னேனா?
நினைவில் நிற்பது மவுஸின் ஒரு 'டிக்'.
ஒன்பது நாற்பது.
போன்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

அந்த அமைதியில் காரணம் அகப்பட்டது. அற்பக் காரணம்.
மூன்று வருஷம் முன்பு மருத்துவமனை
தன் மின்னஞ்சல் முகவரிகளின் வாலை மாற்றியிருந்தது.
பழைய சர்வர், பாவம், பழகியது;
எந்த வாலோடு வந்தாலும் இன்னார் என்று அறியும்.
புதியதற்கு யாரும் சொல்லவில்லை.
ஒவ்வொருவரையும் வாசலில் நிறுத்தி
நீ யாரோ என்று அனுப்பிவிட்டது.

பதினைந்து வரி ஸ்கிரிப்ட், ஒரே ஓட்டம்.
நாற்பது குழுக்களும் நிரம்பின.
ஒன்பது ஐம்பத்தொன்றுக்குப் பொதுக்கதவைச் சாத்தினேன்.
மிச்ச மீனைத் தின்றோம்.

மதியம் ஆய்வகத்திலிருந்து ஸ்கிர்மந்தே அழைத்தாள்.
இரவுப்பணி முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை.
இவள் குரலில் எரிச்சல் இல்லை.
"சென்ட்ரிஃப்யூஜ் சத்தம் போடுகிறதென்று எழுதியிருந்தேன்.
காலையில் அதைத் தேட என் பெயரைத் தட்டினேன்.
இரண்டு வந்தது."

ஒன்று அவள் எழுதியது.
மற்றது பணியாளர் துறை எழுதியது:
ஆய்வகம், ஸ்கிர்மந்தே,
இருபத்தெட்டாம் தேதி மாலை ஐந்துக்கு
எல்லா அனுமதிகளையும் நீக்கவும்.
உரியவருக்கு நாங்கள் தெரிவிக்கும்வரை ரகசியம்.

"இப்போது தேடினால் காணவில்லை.
தூக்கக் கலக்கத்தில் எதையோ பார்த்தேனா?"

என் திரையில் அது திறந்தே இருந்தது.
நிலை: காத்திருப்பில்.
பொறுப்பு: என் பெயர்.

அன்று காலை முழுதும்
யார் யார் எதைக் காணலாம் என்றே தேடினேன்.
கண்டதைச் சொல்லும் உரிமை
எந்தக் குழுவில் இருக்கிறதென்று பார்க்கவில்லை.

"சென்ட்ரிஃப்யூஜைப் பார்க்க ஆள் அனுப்புகிறேன்" என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை.
பின்னால் அந்த இயந்திரம் கரகரவென்று சுற்றுவது
எனக்கும் கேட்டது.
நிஜமாகவே மோசமான சத்தம்.

"சரி" என்றாள்.
"அப்படியென்றால் பார்த்திருக்கிறேன்."